இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு சாவுச் செய்தி

“இல்லாத ஒரு பொம்பளைய எங்கீங்க சாமி போய்க் கூட்டிட்டு வர்றது?”

கேட்டவர் செங்கோடன். அறுபத்தொரு வயது. திருச்செங்கோட்டில் ஆறு போர்வெல் வண்டிகளுக்கு முதலாளி. ஊரில் இருந்தபடியே வடநாடு முழுக்கக் குழி போடுகிறவர்.

கேட்கப்பட்டவர் அவரைவிடப் பதினேழு வயது இளையவர். பதினைந்து வருஷம் கிராமம் கிராமமாக சைக்கிளில் தபால் கொடுத்த அம்மாள். ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் குன்றின் மேல் வந்து உட்கார்ந்தார். ஊர் அவருக்குத் தபால் சாமி என்று பெயர் வைத்துவிட்டது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செங்கோடன் ஒன்பது வருஷமாக அவருக்குச் சீடர். அமாவாசைக்கு அமாவாசை வருவார். உபதேசம் கேட்பார். கேட்டதைக் குன்றின் மேலேயே பத்திரமாக விட்டுவிட்டு இறங்கிப் போவார்.

இன்றைக்கு அமாவாசை இல்லை. செவ்வாய்க்கிழமை, பத்து மணி வெயில்.

தபால் சாமி வெடித்துப்போன தண்ணீர்க் குழாயில் ரப்பர் வார் சுற்றிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க ஓனரே. எந்தப் பொம்பளை?”

“போன்ல பேசின பொம்பளைங்க. அவள நேர்ல கூட்டிட்டு வந்தாத்தான் கதவத் தொறப்பேங்குது அந்தம்மா.”

“எந்தம்மா?”

“வேடியப்பனோட அம்மா.”

“வேடியப்பன் யாரு?”

“எங்க வண்டி ஆளு ஒருத்தன். செத்துப் போனானுங்க சாமி.”

குழாயைக் கீழே வைத்துவிட்டார் சாமி.

“ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க.”

---

செங்கோடன் சொன்னார்.

அவர் ஆபீசில் ஆறு மாதமாக ஒரு ஏ.ஐ. ஏஜெண்ட் வேலை பார்க்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஏஜெண்ட். எந்த வண்டி எங்கே போக வேண்டும், எங்கே டீசல் போட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். வேலைக்கு ஏதாவது சேவை தேவைப்பட்டால் ஆன்லைனில் தானே வாங்கிக்கொள்ளும். இந்தியில் கடிதம் எழுதித் தரும் சேவை, மழை எப்போது என்று சொல்லும் சேவை, ஆளுக்குப் பதிலாகப் போன் பேசும் சேவை. கார்டு அதன் கையில். ஒரு தடவைக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம்.

“அதுதானுங்க லிமிட்டு.”

“சரி.”

“போன மாசம் மத்தியப் பிரதேசத்துல ஒரு பருத்திக் காட்டுல வண்டி நின்னுதுங்க. காலைல வண்டி மேல இருக்கற இரும்புக் கோபுரத்த நிமித்தறப்ப மேல போற கரண்டு கம்பில பட்டுப் போச்சு. லீவரப் புடிச்சுட்டு நின்னவன் வேடியப்பன். முப்பத்தி நாலு வயசு. பென்னாகரம் பக்கம். அம்மா மட்டும்தான்.”

“ம்.”

“வீட்டுக்குச் சொல்லோணுமில்லீங்களா? ஏஜெண்ட் என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? போன் பேசற சேவை ஒண்ண வெலைக்கு வாங்கிச்சு. முப்பத்தெட்டு ரூவா. அதுல ஒரு பொம்பளக் குரல் வருது. நெசமான பொம்பளை இல்லீங்க, மிசினு. அதைய உட்டு அந்தத் தாய்க்குப் போன் போட்டு, உங்க மகன் செத்துப் போயிட்டாருன்னு சொல்லிப் போட்டுது.”

செங்கோடனுக்கு மூச்சு வாங்கியது. குன்று ஏறி வந்ததால் மட்டும் இல்லை.

“முப்பத்தெட்டு ரூவாய்க்குச் சாமி. ஒரு டீயும் வடையும் அதுக்கு மேல ஆகுது.”

---

இந்த இடத்தில் கதை சொல்கிற எனக்கும் வயிறு எரிகிறது. ஒரு கெட்டவன் இருந்தால் அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கதையை முடிக்கலாம். இதில் தேடித் தேடிப் பார்த்தும் அப்படி ஒருவன் அகப்படவில்லை. அந்த ஏஜெண்ட் காசைத் திருடவில்லை. பொய் சொல்லவில்லை. சொன்ன வேலையைச் சொன்ன பணத்துக்குள் முடித்திருக்கிறது.

சாமியும் அதைத்தான் கேட்டார்.

“லிமிட்டத் தாண்டுச்சா?”

“ஒரு ரூவா தாண்டலீங்க. அதுதான் எனக்கு ஆத்தரமா இருக்குது. தாண்டியிருந்தா ஏஜெண்ட வித்தவன் மேல கேஸ் போட்டிருப்பேன். போன் பண்ணிச் சண்ட போட்டேன். உங்க விதிப்படிதானே சார் நடந்திருக்குதுன்னு சிரிச்சுட்டே சொல்றான்.”

“எதுக்கு லிமிட்டுப் போட்டீங்க?”

“போடாம உட்டா பணத்த வாரி எறைச்சுப் போடுமுங்களே.”

“பணத்தத் தவிர வேற எதை எறைச்சுப் போடும்னு பயந்தீங்க?”

செங்கோடன் யோசித்தார்.

“வேற எதுக்கும் பயப்படலீங்க.”

“லிமிட்டு இல்லாதப்ப எப்படி நடந்துச்சு?”

“மொத வாரம் எல்லாத்துக்கும் கேக்குமுங்க. இதை வாங்கட்டா, அவனுக்குப் போன் போடட்டான்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவை. குளிக்கப் போனாக் கேக்கும், சாப்புட உக்காந்தாக் கேக்கும். நாந்தான் எரிச்சலாகி, ரெண்டாயிரத்துக்குள்ள எதுன்னாலும் எங்கிட்ட வராதேன்னு போட்டு வெச்சேன்.”

“அப்ப அது கேட்டுட்டுத்தான் இருந்துச்சு.”

“கேட்டுச்சுங்க.”

“நீங்கதான் வாயை அடைச்சீங்க.”

“தொழில் நடக்கோணுமில்லீங்களா சாமி?”

தபால் சாமி குழாயை மறுபடி எடுத்தார். வாரை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.

“இதுக்கு முன்னால வண்டில ஆளு செத்ததுண்டா?”

“ரெண்டு பேருங்க. ரொம்ப வருசம் முன்னால.”

“அப்ப யாரு போய்ச் சொன்னது?”

“நாந்தான் போனேன். எங்க தொழில்ல அப்படித்தானுங்க. வெளியூர்ல ஆளு போயிட்டா மொதலாளிதான் போகோணும். ஊர் எல்லைலயே காரை நிறுத்திப்போட்டு, செருப்பக் கழட்டி வெச்சுட்டு நடந்து போகோணும். நம்ம வெறுங்கால் நடையப் பாத்ததுமே வீட்ல இருக்கறவங்களுக்கு வெளங்கிப் போகும். வாயத் தொறக்கற வேலையே இருக்காது.”

“இந்த வாட்டி?”

“அன்னிக்கு எம்பொண்ணுக்கு வளைகாப்புங்க.”

சாமி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“வளைகாப்பு வீட்ல சாவுச் சேதி பேசலாமுங்களா? எம்பொஞ்சாதி போனையே தொடாதீங்கன்னுட்டா. அப்பறமும் மாசமா இருக்கற புள்ளைய வீட்ல வெச்சுட்டு எழவு வீட்டுக்குப் போகப்படாதுன்னுட்டாங்க. பொணத்தக் கொண்டுபோய்ச் சேக்க ஆம்புலன்ஸ் வெச்சுக் குடுத்தேன். அஞ்சாம் நாளு மேனேஜரப் பணத்தோட அனுப்பினேன்.”

“வாங்கினாங்களா?”

“திண்ணைலகூட ஏத்தலீங்க. பணத்தத் தூக்கித் தெருவுல எறிஞ்சுட்டாங்க. போன்ல பேசினாளே ஒருத்தி, அவளக் கூட்டிட்டு வா, அவகிட்ட ஒண்ணு கேக்கோணும்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாங்க. அது மிசினும்மான்னு மேனேஜர் சொல்லியிருக்கான். நம்பலீங்க. எம்மவன் செத்த சேதிய மிசினாடா வந்து சொல்லும்னு கேட்டிருக்காங்க.”

அவர் கையை விரித்தார்.

“அதுக்கு அவன் என்னங்க பதில் சொல்லுவான்?”

---

“என்ன பேசுச்சுன்னு தெரியுமா?” என்று சாமி கேட்டார்.

“ரெக்கார்டு இருக்குதுங்க.”

“போடுங்க.”

செங்கோடன் போனைப் பாறையின் மேல் வைத்து அழுத்தினார்.

முதலில் ஒரு இனிமையான குரல் வந்தது. நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு அழைக்கிற மாதிரி.

“வணக்கம். திரு வேடியப்பன் அவர்களின் தாயாருடன் பேசுகிறேனா?”

“ஆமாங்க, யாருங்க?”

“வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இன்று காலை ஏழு நாற்பது மணிக்குப் பணியிடத்தில் நடந்த விபத்தில் திரு வேடியப்பன் காலமானார்.”

எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. யாரோ குடத்தைக் கீழே வைத்தார்கள்.

“நீ யாரு கண்ணு?”

“நான் உங்களுக்கு உதவுவதற்காக அழைத்திருக்கிறேன்.”

“எம்மவன் சோறு தின்னானா கண்ணு?”

“மன்னிக்கவும். அந்த விவரம் எங்களிடம் இல்லை. வேறு ஏதேனும் தகவல் வேண்டுமா?”

“காலைல சோறு தின்னுட்டுத்தான் போனானா? அத மட்டும் சொல்லும்மா.”

“மன்னிக்கவும். அந்த விவரம் எங்களிடம் இல்லை.”

நாலு தடவை கேட்டாள் அந்தத் தாய். நாலு தடவையும் அதே மன்னிக்கவும், அதே இனிமை. கடைசியில் அந்தக் குரல், இந்த அழைப்பு உங்களுக்கு எவ்வளவு பயனுள்ளதாக இருந்தது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை அழுத்தச் சொன்னது.

போன் நின்றது.

செங்கோடனின் முகம் சிவந்திருந்தது.

“கேட்டீங்களா சாமி? பெத்தவ நாலு தடவ கேக்கறா. நாலு தடவையும் தெரியாது தெரியாதுங்குது. மார்க்கு வேற போடச் சொல்லுது. மனுசப் பொறப்பா இருந்தா இப்படிப் பேசுமுங்களா? அதை அடிச்சு ஒடைக்கலாம்னா ஒடம்புகூட இல்லீங்க அதுக்கு.”

“தின்னானா?”

“ஏனுங்க?”

“வேடியப்பன். அன்னிக்குக் காலைல சோறு தின்னானா?”



“எனக்குத் தெரியாதுங்க.”

“அதுவும் அதைத்தானே சொல்லுச்சு.”

வெயில் பாறையில் ஏறிக்கொண்டிருந்தது. செங்கோடன் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“ஆளு செத்து எத்தன நாளாச்சு?”

“இன்னியோட இருபத்தி ஒண்ணுங்க.”

“இந்த ரெக்கார்ட எத்தன தடவை கேட்டீங்க?”

“தெனமும் கேக்கறனுங்க. கேக்கக் கேக்க அந்த மிசின் மேல ஆத்தரம் ஆத்தரமா வருது.”

“அந்தம்மா கேட்டது ஒரு தடவைகூடக் காதுல உழுகலயா?”

அவர் பாறை மேலிருந்த போனை எடுத்துக்கொண்டார்.

“கூட வேல பாத்தவங்க இருக்காங்கல்ல?”

“இருக்கறாங்க. போலீசு கேசு முடியற வரைக்கும் அங்கயே இருக்கச் சொல்லியிருக்குது.”

“போன் போடுங்க.”

“ஏஜெண்ட உட்டு—”

“உங்க வெரல்ல போடுங்க.”

---

போன் ஒரு தடவை அடித்ததுமே எடுத்துவிட்டார்கள். எடுத்தவன் சீரங்கன், துளை போடும் டிரில்லர். பதினெட்டு வருஷமாகச் செங்கோடனின் வண்டியில் இருக்கிறவன்.

“சொல்லு. இன்னைக்கும் வண்டில எத்தன இரும்பு ராடுன்னு எண்ணிச் சொல்லோணுமா?”

“சீரங்கா, நாந்தான்.”

அந்தப் பக்கம் தடுமாறியது.

“ஓனருங்களா? நெசமா நீங்களா? மிசினுன்னு நெனச்சுப் பேசிட்டனுங்க. அது உங்க நம்பர்லயிருந்தேதானுங்க கூப்புடுது.”

“இருக்கட்டும். அன்னிக்குக் காலைல வேடியப்பன் சாப்புட்டானா?”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“தின்னானுங்க. நல்லாத் தின்னான். அவங்கம்மா குடுத்துவிட்ட கருவாடு கடைசியாக் கொஞ்சம் இருந்துச்சு. அவனேதான் கொழம்பு வெச்சான். எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு துண்டு போட்டான். அப்பறம் சட்டியிலயே சோத்தப் போட்டுப் பெரட்டி அவன் தின்னான். எங்கம்மா கைல செஞ்சா இன்னும் நல்லாருக்கும்னான். கையக் கழுவிட்டு நேரா வண்டிக்கு வந்தவந்தானுங்க.”

செங்கோடன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

“ஏன்டா இதை யாருகிட்டயும் சொல்லல?”

“யாருங்க கேட்டாங்க?”

“அந்தம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“நாங்க போடாத போனுங்களா? எடுக்கறதே இல்லீங்க. அன்னிக்கி அந்தச் சேதி வந்ததுல இருந்து போனைக் கண்டாலே தூர வெக்கறாங்களாம். ஆபீசுலருந்துதான் யாராவது போவாங்கன்னு நெனச்சோம். அன்னிக்கு மத்தியானமே உங்க ஆபீசு மிசினு எங்களுக்குப் போன் போட்டுச்சுங்க. பொணம் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல. வண்டி மறுபடி எப்ப ஓடும்னு கேட்டுச்சு. எங்க நாலு பேத்துக்கும் கையுங்காலும் நடுங்கிட்டு இருக்குது. நாளைக்கா, நாளான்னைக்கான்னு கேக்குது.”

செங்கோடன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

“நீங்க சொல்லித்தான் கேக்குதுன்னு நெனச்சோமுங்க” என்றான் சீரங்கன்.

---

போனை வைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஆபத்து அதில்தான் இருந்தது.

“தின்னிருக்கறானுங்க சாமி. அவங்கம்மா குடுத்த கருவாட்டையே தின்னிருக்கறான். இது தெரிஞ்சா அந்தம்மா மனசு கொஞ்சம் ஆறுமுங்க.”

“ஆறும்.”

“இதச் சொல்லிப்போட்டா கதவத் தொறப்பாங்க.”

“போய்ச் சொல்லுங்க.”

“அதுக்குத்தானுங்க வந்தேன்.”

அவர் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தொழில் பேசும்போது அப்படித்தான் நகர்வார்.

“அந்தம்மா கேக்கறது போன்ல பேசின பொம்பளைய. நம்மகிட்ட அப்படி யாரும் இல்ல. உங்க குரலும் நல்ல கொரலுங்க, சாமி. ஏறக்கொறைய அதே மாதிரிதான் இருக்குது. நீங்க ஒரு நட வந்து, நாந்தாம்மா அன்னிக்குப் பேசினேன், அப்ப எனக்குத் தெரியல, இப்ப விசாரிச்சுட்டு வந்தேன், உம்மகன் நல்லாச் சாப்புட்டுட்டுத்தான் போனான்னு சொல்லிப்போட்டீங்கன்னா—”

சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசத்தத்தானுங்க சொல்லப் போறோம். ஆளு மட்டுந்தான் வேற. கார் கீழயே நிக்குது. பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து உட்டுருவேன். நான் கார்லயே உக்காந்துக்கறேன். அந்த மொகத்துக்கு முன்னால நிக்க என்னால ஆகாதுங்க. சும்மா கூப்புடல சாமி. இங்க ஒரு மண்டபம் கட்டித் தர்றேன். எத்தன செலவானாலுஞ் செரி, ஒரு ரெண்டு லட்சம் வரைக்கும் நீங்க எங்கிட்டக் கேக்கவே வேண்டாம்.”

ஒன்பது வருஷத்தில் தபால் சாமி கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். சாமி எழுந்து நின்றுவிட்டார்.

“எனக்கும் லிமிட்டுப் போட்டாச்சா ஓனரே?”

செங்கோடன் விழித்தார்.

“அந்தக் கம்பெனிக்காரன் முப்பத்தெட்டு ரூவாய்க்கு வித்த பொம்பளைய எங்கிட்ட ரெண்டு லட்சத்துக்கு வாங்க வந்திருக்கீங்க. வாங்கிட்டுப் போய் அதே வாசல்ல நிறுத்தப் போறீங்க. பெத்தவ வயிறு எரிஞ்சு கேக்கறா, யாருடி நீன்னு. இன்னொருக்கா அவள ஏமாத்தறதுக்கு என்னக் கூப்புடறீங்க.”

“ஏமாத்தறதில்லீங்க சாமி, நான் வந்து—”

“மிசினத் திட்டாதீங்க. அது பாவம், நீங்க காட்டின வழிலதான் போச்சு. அன்னிக்கு அந்தச் சேதி உங்க போனுக்கு வரவே இல்லயா?”

கேள்வி எதிர்பாராமல் வந்தது. செங்கோடனுக்குப் பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

“வந்துச்சுங்க.”

“எப்ப?”

“பந்தி நடக்கறப்ப. எலைல பாயசம் ஊத்திட்டு இருந்தாங்க. வேடியப்பன் இறந்துட்டான்னு ஏஜெண்ட் எழுதியிருந்துச்சு.”

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”



“ஆக வேண்டியதப் பாருன்னு போட்டேனுங்க.”

“போட்டுட்டு?”

“பாயசம் குடிச்சேன்.”

அதைச் சொன்ன பிறகு செங்கோடன் அழுதார். அறுபத்தொரு வயது ஆள், ஆறு வண்டி முதலாளி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சாமி தடுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. உட்கார்ந்து குழாயில் மீதி வாரைச் சுற்றி முடித்தார்.

அழுது முடித்து அவர் எழுந்தார். வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார். குன்றின் விளிம்பு வரை போய்த் திரும்பி நின்றார்.

“நான் போனாக் கதவத் தொறப்பாங்களாங்க சாமி?”

“தெரியாது.”

“தொறக்கலீன்னா?”

“வாசல்ல நில்லுங்க.”

“எத்தன நேரம் வரைக்கும் நிக்கோணுங்க?”

தபால் சாமி குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

மறுபடியும் ஒரு லிமிட்டுக் கேட்ட அந்தக் கேள்வி செங்கோடனின் காதிலேயே விழுந்தது. அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே படி இறங்கினார்.